மைஷோஸ்: ஆர் பள்ளத்தாக்கின் ஒயின் கிராமமும் 1868ஆம் ஆண்டுச் சங்கமும்

நதிக்கரையான் எழுதியது:

ஜெர்மனியின் பான் நகரிலிருந்து ரைன் நதியை ஒட்டித் தெற்கே ரேமாகன் வரை சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஆர் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆர்வைலர் நகரைத் தாண்டியதும் இரு பக்கமும் மலைகள் நெருங்கிவந்து, ஆற்றுக்கும் சாலைக்கும் மட்டுமே இடம்விட்டு நிற்கின்றன. அந்த இடுக்கில், டெர்னாவ், ரெஹ் ஆகிய ஊர்களுக்கு மேலே, ஆயிரம் பேர்கூட இல்லாத மைஷோஸ் கிராமம் இருக்கிறது. ஜெர்மனியின் மிகப் பழைய ஒயின் உழவர் கூட்டுறவுச் சங்கம் இவ்வூரில்தான் 1868 டிசம்பர் 20 அன்று 18 உழவர்களால் தொடங்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது.

அந்தச் சங்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் "ஒற்றுமையே பலம்" என்ற ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. இந்த 18 பேரையும் ஒன்றுசேர்த்தது அவர்களிடம் நிலவறை இல்லாத குறையே என்பது என் கருத்து. அறுவடையான திராட்சையைப் பிழிந்து, மரப்பீப்பாயில் ஊற்றி, குளிர்ந்த நிலவறையில் மாதக்கணக்கில் வைத்திருக்க முடிந்தவனுக்கு மட்டுமே விலை பேசும் உரிமை இருந்தது. சில சென்ட் நிலத்தை வைத்திருந்த உழவனிடம் பீப்பாயும் இல்லை, நிலவறையும் இல்லை. அக்டோபர் மாதத்தில் வாசலுக்கு வந்து நிற்கும் வணிகர் சொன்ன விலைக்கு அவன் அன்றே கொடுத்தாக வேண்டும், இல்லையேல் பழம் அழுகிவிடும். சங்கம் முதலில் தேடிக்கொண்டது ஒரு பொது நிலவறையைத்தான்.

இவ்வூரின் வரலாற்றை அறிந்தவர்கள் இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பர் நதிக்கரையான் 1868இலிருந்து தொடங்கியிருக்கிறார். அதற்கு முந்தைய ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளையும் சற்றுப் பார்ப்பது நல்லது.

ரோமானியர்தான் இங்கே திராட்சையைக் கொண்டுவந்தார்கள் என்று சுற்றுலாப் பலகைகள் எழுதுகின்றன. ஆர்வைலரின் சில்பர்பெர்க் மலையடியில் 1980இல் கண்டெடுக்கப்பட்ட ரோமானிய மாளிகை, சுவர் ஓவியங்களோடும் தரைச் சூடேற்றும் அமைப்போடும் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. ஆனால் ரோமானியர் அங்கே வாழ்ந்தார்கள் என்பது வேறு, அவர்கள் அந்தச் சரிவில் கொடி நட்டார்கள் என்பது வேறு. எழுத்துச் சான்று நமக்குக் கிடைப்பது 893இல்தான். ப்ரூம் மடாலயத்தின் சொத்துப் பதிவேட்டில் ஆர்வைலர்ப் பகுதித் திராட்சைத் தோட்டங்கள் குறிக்கப்பட்டுள்ளன. அந்த ஏட்டைத் துறவிகள் எழுதியது தமக்குச் சேரவேண்டிய விளைச்சல் பங்கைக் கணக்கிடுவதற்காக. ஆகவே இந்தப் பள்ளத்தாக்கின் ஒயின் நம் கண்ணுக்கு முதலில் தென்படுவதே மடத்துக்குச் செலுத்த வேண்டிய பங்காகத்தான்.

மைஷோஸ் ஊருக்கு நேர் எதிரே, ஆறு வளைந்து ஓடும் குன்றின் மேல் சஃபன்பூர்க் கோட்டையின் இடிபாடு நிற்கிறது. 1081இல் முதன்முதலாக ஆவணத்தில் வரும் இது, ஆர் பள்ளத்தாக்கின் கோட்டைகளில் மிகப் பழையது. இதன் பிரபுவான ஆடல்பெர்ட் கொடுத்த நிலத்தில்தான், இன்றைய நெதர்லாந்து எல்லைக்குள் இருக்கும் ரோல்டுக் மடாலயம் 1104இல் எழுந்தது. ஸ்பானிய வாரிசுரிமைப் போரின்போது 1704இல் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று ஆர் என்றாலே சிவப்பு ஒயின் என்கிறோம். ஆனால் அந்தக் காலத்தில் இங்கே பெயர்பெற்றிருந்தது 'ப்ளைகெர்ட்' என்ற வெளிறிய ஒயின். கருந்திராட்சையைத் தோலோடு ஊறவிடாமல் உடனே பிழிந்துவிட்டால், சாயம் தோலிலேயே தங்கிவிட, வெளுத்த செந்நிறச் சாறு மட்டும் வரும். தோலோடு நொதிக்கவிட்டு ஆழ்ந்த நிறம் எடுக்கும் முறை இங்கே 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. அதற்குக் கூடுதல் தொட்டிகளும் நாட்களும் கவனிப்பும் தேவை. அதாவது, நல்ல சிவப்பு ஒயின் செய்வதற்கே இடமும் முதலும் வேண்டியிருந்தன. நிலவறை பற்றி நண்பர் சொன்னதற்கு இது வலுச் சேர்க்கிறது.

கூட்டுறவாளர் எழுதியது:

தமிழ்நாட்டில் கூட்டுறவுத் துறையில் முப்பது ஆண்டுகள் பணிசெய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இவ்விவாதத்தில் கலந்துகொள்கிறேன். சென்னை மாகாண அரசுக்காக ஃபிரெடரிக் நிக்கல்சன் 1890களில் எழுதிய அறிக்கை ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் வகுத்த கிராமக் கடன் சங்க முறையைத்தான் நமக்குப் பரிந்துரைத்தது. ஆகவே ரைன் மாகாணத்துச் சங்கங்களின் பிறப்பு எங்கள் பயிற்சி வகுப்புகளில் பாடமாகவே இருந்தது.

நதிக்கரையான் அவர்களின் விளக்கம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது என்பது என் எண்ணம். நிலவறை இல்லாத உழவர்கள் அதற்கு நூறாண்டுக்கு முன்பும் இருந்தார்கள். அப்படியானால் சங்கம் ஏன் 1768இல் பிறக்காமல் 1868இல் பிறந்தது?

விடை சட்டத்தில் இருக்கிறது. ஹெர்மன் ஷூல்ட்ஸ-டெலிச் முன்னின்று நடத்திய முயற்சியால், அப்போது ரைன் பகுதியை ஆண்ட பிரஷ்யாவில் 1867 மார்ச்சில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே சட்டம் 1868 ஜூலை 4 அன்று வட ஜெர்மன் கூட்டமைப்பு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. மைஷோஸ் சங்கம் அதற்கு ஐந்தரை மாதம் கழித்துத் தொடங்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அதுவரை ஒரு கூட்டம் உழவர்கள் சேர்ந்து கடன் வாங்கவும், சொத்து வைத்துக்கொள்ளவும், வழக்காடவும் தங்கள் சங்கத்தின் பெயரில் முடியாது. சட்டம் அந்த வாசலைத் திறந்தது, ஆனால் ஒரு கடுமையான நிபந்தனையோடு. அதுதான் வரம்பற்ற பொறுப்பு. சங்கம் கடனில் மூழ்கினால் ஒவ்வொரு உறுப்பினரும் தம் வீடு, மாடு, தோட்டம் அனைத்தையும் ஈடாக வைத்து அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்புக்கு வரம்பு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததே 1889ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அந்த 18 பேரும் கையெழுத்திட்டபோது, மற்ற பதினேழு பேரின் நேர்மையின் மீது தங்கள் கூரையையே பந்தயம் வைத்தார்கள். இதை நிலவறைக் கணக்கால் மட்டும் விளக்கிவிட முடியாது.

அடுத்து, 'மிகப் பழையது' என்ற பட்டம். வூர்ட்டம்பெர்க் பகுதியின் நெக்கார்சுல்ம் ஊரில் 1855இலேயே ஒயின் உழவர் சங்கம் ஒன்று அமைந்துவிட்டது, அவ்வூரார் தங்களையே முதலாவது என்கிறார்கள். ஆனால் அது கூட்டுறவுச் சட்டம் எதுவும் இல்லாத காலத்து அமைப்பு. பிற்காலத்தில் அது ஹைல்ப்ரோன் சங்கத்தோடு இணைந்துவிட்டது. சட்டத்தின் கீழ் பிறந்து, தொடர்ந்து இயங்கிவரும் சங்கம் என்று வரையறுத்தால் மட்டுமே மைஷோஸ் முதலிடம் பெறும். வரையறையைச் சொல்லாமல் பட்டத்தை மட்டும் சொல்வது முறையன்று.

நதிக்கரையான் எழுதியது:

ஐயா கூட்டுறவாளர் அவர்களின் திருத்தத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். வரம்பற்ற பொறுப்பை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் "ஏன் 1768இல் இல்லை" என்ற அவருடைய கேள்விக்குச் சட்டத்தைத் தவிர இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் 1794இல் பிரெஞ்சுப் படை ரைனின் இடக்கரையைக் கைப்பற்றியதிலிருந்து தொடங்குகின்றன.

முதலாவது, நிலம் துண்டானது. பிரெஞ்சு ஆட்சி மடங்களின் தோட்டங்களைப் பறித்து ஏலத்தில் விற்றது. அதோடு நெப்போலியனின் உரிமையியல் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று விதித்தது. 1815இல் இப்பகுதி பிரஷ்யாவுக்குக் கைமாறிய பிறகும் அந்தச் சட்டம் ரைன்லாந்தில் நீங்கவில்லை, 1900 வரை நடைமுறையில் இருந்தது. மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது நீதியானதே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு செங்குத்துச் சரிவில், சாந்தில்லாமல் அடுக்கிய இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே இருக்கும் ஒரு படித்தளத்தை மூன்று தலைமுறை பங்கிட்டால், ஒருவருக்குக் கிடைப்பது சில வரிசைக் கொடிகள்தாம். மடம் ஒரே கையில் வைத்திருந்த தோட்டமும், அதனோடு இருந்த பிழிபொறியும் நிலவறையும் இப்படித்தான் பிரிந்துபோயின.

இரண்டாவது, சந்தை. பிரஷ்ய அரசு 1818இல் எழுப்பிய சுங்கச் சுவருக்குள் ஆர் உழவர்களுக்கும் மோசெல் ஆற்றங்கரை உழவர்களுக்கும் போட்டி குறைவு. ஆகவே சில ஆண்டுகள் நல்ல விலை கிடைத்தது, கடன் வாங்கிப் புதிய கொடி நட்டார்கள். 1834 ஜனவரி 1 அன்று ஜெர்மன் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்ததும் தெற்கத்தி ஒயின் தடையின்றி உள்ளே வந்தது. விலை சரிந்தது, கடன் மட்டும் நின்றது. பக்கத்து மோசெல் உழவர்களின் இந்தத் துயரத்தைப் பற்றித்தான் இளம் கார்ல் மார்க்ஸ் 1843 ஜனவரியில் கொலோன் நாளிதழில் எழுதினார். ஆர் கரையிலும் அதே மாகாணம், அதே வரி, அதே துயரம். பல குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. 1868இல் கையெழுத்திட்டவர்கள் அந்த முப்பது ஆண்டு நெருக்கடியில் வளர்ந்த தலைமுறை.

மலைச்சரிவு எழுதியது:

நான் இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு இலையுதிர்காலங்கள் அறுவடைக்கு உதவியவன். நீங்கள் எழுதும் "சில வரிசைக் கொடிகள்" என்பதைக் காலால் உணர்ந்திருக்கிறேன். ஒரு குடும்பத்தின் தோட்டம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. காலையில் ஒரு சரிவில் நான்கு வரிசை, மதியம் அடுத்த வளைவில் ஆறு வரிசை என்று இறங்கி ஏற வேண்டும். பழக்கூடையை முதுகில் சுமந்துகொண்டு சிலேட்டுச் சில்லுகள் சறுக்கும் பாதையில் இறங்கும்போது முழங்கால் நடுங்கும்.

அந்தச் சில்லுகள்தாம் இவ்வூருக்கு வாழ்வு கொடுப்பவையும்கூட. வட அட்சரேகை 50 பாகைக்கும் மேலே, சாதாரணமாகக் கருந்திராட்சை பழுக்கத் தயங்கும் இடத்தில், தெற்கு நோக்கிய கருஞ்சரிவு பகல் முழுதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மாலை ஆறு மணிக்கு அந்தக் கல்சுவரில் கை வைத்தால் அடுப்புத் திண்ணையைப் போல் வெதுவெதுப்பாக இருக்கும். ஷ்பேட்பூர்குண்டர் என்று ஜெர்மானியரும் பினோ நுவார் என்று பிரெஞ்சுக்காரரும் அழைக்கும் திராட்சை இங்கே நிலைத்ததற்கு அந்த வெப்பமே காரணம்.

சங்கத்தில் பழத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதையும் சொல்கிறேன், ஏனெனில் நம்பிக்கை பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. எல்லாருடைய பழமும் ஒரே தொட்டியில் சேரும் என்றால், நன்றாகப் பார்த்துப் பயிரிட்டவனுக்கும் ஏனோதானோவென்று விட்டவனுக்கும் ஒரே விலையா என்ற கேள்வி முதல் நாளிலேயே எழும். அதற்காக எடையோடு சாற்றின் அடர்த்தியையும் அளக்கிறார்கள். அளவுகோலின் பெயர் எக்ஸ்லே. ஃபோர்ட்ஸ்ஹைம் நகரின் பொற்கொல்லரும் கருவி செய்பவருமான ஃபெர்டினாண்ட் எக்ஸ்லேயின் பெயர் அது. ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் நீரைவிட 90 கிராம் கூடுதல் எடை இருந்தால் அது 90 பாகை எக்ஸ்லே. பாகை கூடக் கூடச் சர்க்கரை கூடுகிறது, உழவருக்குக் கிடைக்கும் தொகையும் கூடுகிறது. வண்டி வந்து நின்றதும் உறுப்பினர்கள் எல்லாரும் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். நான் பார்த்த முதல் நாளில் ஒரு முதியவர், தம் பழத்தின் எண் வரும்வரை தொப்பியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நம்பிக்கை, நேர்மை என்று இவ்வளவு பேசிய பிறகு இதைச் சொல்லாமல் போவது சரியன்று. 19ஆம் நூற்றாண்டு ரைன்லாந்தில் ஒயின் வணிகர்கள், கால்நடை வணிகர்கள், கடன் கொடுப்போர் ஆகியோரில் யூதர்கள் கணிசமாக இருந்தார்கள். உழவர் கூட்டுறவு இயக்கத்தின் பேச்சிலும் எழுத்திலும், ரைஃபைசனின் எழுத்து உட்பட, வணிகர் மீதான கோபம் பல இடங்களில் யூத வெறுப்பாகத் திரும்பியது. உழவனின் குறை உண்மையானது, அதை ஒரு சமூகத்தின் தலையில் ஏற்றியது அநீதி. ஆர்வைலரில் யூதர்கள் 1894இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. 1938 நவம்பரில் அது சூறையாடப்பட்டது. யூதர்களின் ஒயின் வணிகம் நாஜி ஆட்சியில் முற்றாக அழிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போரின் இறுதி ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. ரெஹ் ஊருக்கும் ஆர்வைலருக்கும் இடையே மலைக்குள் குடைந்து முடிக்கப்படாமல் விடப்பட்ட ரயில் சுரங்கங்களில், வி-2 ஏவுகணைக்கான தரைக் கருவிகளை உருவாக்க ஒரு முகாம் அமைத்து, வெளிநாட்டுக் கட்டாயத் தொழிலாளர்களையும் வதைமுகாம் கைதிகளையும் வேலை வாங்கினார்கள். அந்த முகாமுக்கு வைக்கப்பட்ட மறைபெயர் 'ரேப்ஷ்டாக்'. திராட்சைக் கொடி என்பது அதன் பொருள். பிற்காலத்தில் அதே சுரங்கங்களில்தான் மேற்கு ஜெர்மன் அரசின் அணுப்போர்ப் பதுங்கறை கட்டப்பட்டது.

வினாத்தாள் எழுதியது:

அனைவரின் பதிவுகளுக்கும் நன்றி. எனக்கு ஒரு கேள்வி. 2021 வெள்ளத்தில் சங்கத்தின் கட்டடமே மூழ்கியதைப் படங்களில் பார்த்தேன். இத்தனை தலைமுறைகள் ஆற்றோடு வாழ்ந்தவர்கள், உயிரைப் போன்ற நிலவறையை ஏன் ஆற்றுக்கு அவ்வளவு அருகில் வைத்தார்கள்?

நதிக்கரையான் எழுதியது:

அவர்களுக்கு வேறு இடம் இல்லை என்பதே நேரடியான விடை. வெயில் படும் ஒவ்வொரு முழமும் கொடிக்கு வேண்டும். வீடு, தேவாலயம், பிழிபொறி, நிலவறை எல்லாம் ஆற்றோரத்துச் சமதரையில்தான் அமைய முடியும். பழம் மேலிருந்து கீழே இறங்குகிறது, வண்டிப்பாதையும் கீழேதான் போகிறது. ரேமாகனிலிருந்து ஆர்வைலருக்கு 1880இல் வந்த ரயில் பாதை 1886இல் மைஷோஸ் வழியாக அடுத்த ஊரான ஆல்டனாரை எட்டியபோது அதுவும் ஆற்றோரமாகவே வந்தது. அந்த ரயிலில்தான் பான், கொலோன் நகரத்தார் ஞாயிறுதோறும் வந்து இறங்கி, வணிகரின் தயவில்லாமல் சங்கத்தின் ஒயினை அங்கேயே வாங்கினார்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். 1804 ஜூலை 21 அன்று வந்த வெள்ளத்தில் இப்பள்ளத்தாக்கில் 63 பேர் இறந்தார்கள். 129 வீடுகளும் 18 ஆலைகளும் ஏறத்தாழ எல்லாப் பாலங்களும் போயின. 1910 ஜூன் 12, 13 நாட்களில் மீண்டும் பெருவெள்ளம் வந்து 50க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அவர்களில் பலர் மேல்பகுதியில் புதிய ரயில் பாதைக்காகக் குடில்களில் தங்கியிருந்த தொழிலாளர்கள். அதன்பின் மேல் ஆர் பகுதியில் வெள்ளநீரைத் தேக்கும் நீர்த்தேக்கங்கள் திட்டமிடப்பட்டு, 1920களில் கைவிடப்பட்டன. அதே மாவட்டத்தில் அந்த ஆண்டுகளில் வேலையில்லாதோருக்கு வேலை கொடுக்கும் பணியாக எழுந்தது நூர்பூர்க்ரிங் பந்தயப் பாதை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பிற்காலத்துக் கணக்குதான். ஆல்டனார் நீர்மட்ட அளவீட்டுத் தொடர் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகே தொடங்குகிறது. வெள்ள அபாய வரைபடங்கள் அந்தத் தொடரை மட்டும் நம்பி வரையப்பட்டன, 1804உம் 1910உம் கணக்கில் சேரவில்லை. ஆகவே நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் என்று நொடிக்கு 241 கன மீட்டரைக் குறித்தார்கள். பான் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் பழைய வெள்ளக் குறிகளைக் கொண்டு 1804 வெள்ளத்தை மறுகணக்கிட்டு, அது நொடிக்கு ஆயிரம் கன மீட்டரைத் தாண்டியது என்று 2021க்கு முன்பே வெளியிட்டிருந்தார்கள். அந்த அளவீட்டுத் தொடரில் 2021க்கு முந்தைய உச்ச நீர்மட்டம் 2016இன் 3.71 மீட்டர். 2021 ஜூலை 14 இரவு அளவீட்டு நிலையமே அடித்துச் செல்லப்பட்டது. அந்த ஓர் இரவில் இப்பள்ளத்தாக்கில் 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், 60க்கும் மேற்பட்ட பாலங்கள் உடைந்தன. மைஷோஸின் சாலையும் ரயிலும் அறுந்து, ஊர் தனித்துவிடப்பட்டது.

கூட்டுறவாளர் எழுதியது:

கேட்கவே மனம் கனக்கிறது. 1868க்கும் 2021க்கும் இடைப்பட்ட காலத்தை விரைவாகக் கடந்துவிட்டோம் என்பதால் ஒன்றிரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். வேரைத் தாக்கும் ஃபிலோக்சரா பூச்சி ஜெர்மனியில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1874இல் பான் அருகே. அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டும் முறை ஏற்கப்படும்வரை, தாக்கப்பட்ட கொடிகளைப் பிடுங்கி எரித்து மண்ணுக்கு நஞ்சிடுவதே அரசின் வழியாக இருந்தது. மைஷோஸ் சங்கம் 1982இல் ஆல்டனார் சங்கத்தோடு இணைந்து மைஷோஸ்-ஆல்டனார் சங்கமாயிற்று. இன்றும் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மாலையிலும் வார இறுதியிலும் தோட்டத்தைக் கவனிப்பவர்கள். நதிக்கரையான் சொன்ன சமபங்குச் சட்டம் இன்னும் அந்தச் சரிவில் தெரிகிறது.

வெள்ளத்துக்குப் பின் சங்கத்தின் நிலை என்னவாயிற்று என்று யாரேனும் எழுத வேண்டும்.

மலைச்சரிவு எழுதியது:

நான் எழுதுகிறேன், ஐயா. அந்த ஆகஸ்டில் சேறு அள்ளப் போனவர்களில் நானும் ஒருவன்.

நிலவறைகளில் சேற்றோடு எண்ணெயும் கலந்திருந்தது. வீடுகளைச் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டிகள் உடைந்திருந்தன. அதற்குள் புதைந்து கிடந்த புட்டிகளைக் கையால் தடவி எடுத்தோம். மூடி கெடாதவற்றைக் கழுவாமல், சேறு காய்ந்த அதே கோலத்தில், 'வெள்ள ஒயின்' என்ற பெயரில் பள்ளத்தாக்கின் உழவர்கள் ஒன்றாக இணையத்தில் நன்கொடைக்குக் கொடுத்தார்கள். 40 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது.

கொடிகள் பெரும்பாலும் சரிவில் இருந்ததால் தப்பின. ஆற்றோரத்துத் தோட்டங்கள் மட்டும் போயின. ஆகவே வீடு இழந்தவர்களுக்கும் செப்டம்பரில் பழம் பழுத்தது. பிழிபொறி இல்லை, தொட்டி இல்லை, பல ஊர்களில் மின்சாரமும் சீராக இல்லை. மோசெல், ஃபால்ஸ், ரைன்ஹெஸன் என்று மற்ற ஒயின் வட்டாரங்களிலிருந்து உழவர்கள் தங்கள் டிராக்டர்களையும் பிழிபொறிகளையும் பீப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தங்கள் தோட்டத்திலும் அதே நாட்களில் வேலை காத்திருந்தபோதே வந்தார்கள். நிலவறை இல்லாத உழவர்களைப் பற்றித்தான் நதிக்கரையான் இந்த இழையைத் தொடங்கினார். அந்த இலையுதிர்காலத்தில் பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் அந்த நிலையில்தான் இருந்தார்கள்.

முன்பு நான் குறிப்பிட்ட முதியவரை அந்த அறுவடையில் மறுபடி பார்த்தேன். அவருடைய கீழ்த்தளம் முழுதும் போயிருந்தது. யாரோ கொண்டுவந்த வண்டியில் யாருடையதோ ஆன பொறிக்குத் தம் பழத்தை அனுப்பிவிட்டு, சாற்றின் பாகை எவ்வளவு என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.